கீழ்வீதி, மதிப்பீட்டு இலக்கம் 14

வரிப் பரிசோதகர் என்றால்
குழாய் எண்ணுகிறவள்.
கதவு, சன்னல், மலகூடம், குழாய்:
பதுளையை நான் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

பதினான்காம் இலக்கத்துக்குப் பேரேட்டில்
ஏழு பக்கம்.

முதல் பக்கம் ஆங்கிலம், சாய்ந்த கை.
ரயில் வந்த மறுவருடம்
கார்மைக்கேல் கம்பனி கட்டியது.
கீழே தொப்பி, சேணம், டின்னில் அடைத்த பன்றியிறைச்சி,
கிராமபோன், குழந்தை வண்டி,
சவப்பெட்டிக்குப் பித்தளைக் கைப்பிடி.
மேலே பன்னிரண்டு அறை,
மாத முடிவில் மலையிறங்கும் துரைமார்
குடித்து விழுந்து கிடக்க.
குழாய் பதினொன்று. முன்வாசல் இரண்டு.
கூலிகளுக்குப் பின்வாசல் ஒன்று,
உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

என் உயரம் ஐந்தடி மூன்று.

ஐம்பத்தொன்றில் பெயர் மாறுகிறது:
வெயிலுகந்தன் அன் பிரதர்ஸ்.
விருதுநகரிலிருந்து வந்த பெயர்.
ஐப்பசி மழையில் அது பலகையேறி
நனைந்து நின்றிருக்கும் என்று நினைத்தால்
சிரிப்பு வருகிறது.
தொப்பி இருந்த இடத்தில் சேலை,
சேணம் இருந்த இடத்தில் எவர்சில்வர்.
பின்வாசலை இடித்து ஏழடியாக்கினார்கள்.
அதற்கும் அனுமதிக் கட்டணம், ரூபா மூன்று.
தீபாவளி முற்பணம் கிடைத்த மறுநாள்
ஊவாத் தோட்டமெல்லாம் அந்தக் கடைக்குள் நின்றது.
மேல்மாடி லொட்ஜில்
இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்
கடைசி இரவைக் கழித்தார்கள்.
ஓர் அறையில் ஒன்பது பேர் என்று
சுகாதாரப் பரிசோதகர் தண்டம் போட்டிருக்கிறார்.

அதற்குள் பேரேடு சிங்களமாகிவிட்டது.
அழகான உருண்டைக் கை,
சோமதிலக்க என்ற எழுதுவினைஞருடையது.
எண்பத்து மூன்று ஆடிக்கும் அதே உருண்டை:
தீயினால் நாசம். கூரை இல்லை. வரி இல்லை.
யார் வைத்த தீ என்பதற்குப்
பேரேட்டில் நிரல் கிடையாது.

பிறகுதான் விசித்திரம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணியோடர்,
நாற்பத்தொரு ரூபா ஐம்பது சதம்.
அனுப்புபவர் வெ. கோமளவல்லி,
முதலில் வவுனியா, அப்புறம் கொழும்பு.
கரிந்த சுவருக்கு வரி.
படிக்கட்டில் முளைத்த ஆமணக்குக்கு வரி.
சோமதிலக்க வாங்கிக்கொண்டார்.
நல்ல மனம் என்று சொல்ல ஆசைதான்.
திருப்பி அனுப்ப விதி இருக்கவில்லை, அவ்வளவே.
ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு போயிருக்கிறது.

தொண்ணூற்று நான்கில் அவள் வந்தாள்.
காணி தங்களுடையது என்று
மூன்று பேர் கோர்ட்டில் நின்றார்கள்.
அவளிடம் ஒரு பிஸ்கட் டின்,
டின்னுக்குள் நாற்பத்து நான்கு பற்றுச்சீட்டு.
வென்றாள். அடுத்த மாதமே விற்றாள்.
விலை என் பேரேட்டில் வராது.
போகும்போது சபைக்கு ஒரு கடிதம்:
கூரையே இல்லாத கட்டடத்துக்கு
நீங்கள் அறவிட்டது
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு ரூபா.
தயவுடன் திருப்பித் தரவும்.

கோப்பு இப்போது என் மேசையில்.
எட்டுக் கை மாறியிருக்கிறது.
எட்டுக் கையும் எழுதியது ஒன்றேதான்:
பரிசீலனையில்.

இன்று பதினான்கில் கைபேசிக் கடை,
மேலே சுற்றுலா விடுதி.
வரவேற்பறையில் கார்மைக்கேல் காலத்துப் படம்,
சட்டம் போட்டு, விளக்குப் போட்டு.
நடுவில் இருந்தவர்களுக்குப் படம் இல்லை.
இடிபாட்டில் கிடைத்ததாம்,
துணி அளந்த பித்தளைக் கஜக்கோல்;
முதற்படியின் ஓரத்தில் பதித்திருக்கிறார்கள்.
குனிந்து நாடாவை வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தாறேகால் அங்குலம்.
நெருப்பு நீட்டிவிட்டதா,
வெயிலுகந்தன் தெரிந்தே
கால் அங்குலம் கூடக் கொடுத்தாரா,
எதையும் நான் எழுத முடியாது.

"மெடம், குழாய் இருபத்தாறு" என்றார் முகாமையாளர்.
எண்ணினேன். முப்பத்தொன்று.

கந்தோருக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்து
எட்டுக் கைக்கும் கீழே எழுதினேன்:
வட்டி எத்தனை வீதம் என அறியத் தரவும்.